பேய் கேட்பது நிலத்தைத்தான்

படக்கதை என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு, பேய்க்கதை என்றால் பொழுது போகாதவர்களுக்கு என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் நெடுநாளாக இருக்கிறது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய பையன் கையில் காமிக்ஸ் இருந்தால் அது பிடுங்கப்பட்டு அலமாரிக்கு மேலே போய்விடும். மகள் நூலகத்தில் மாயாஜால நாவலை எடுத்தால், “உருப்படியா ஏதாவது எடும்மா” என்று அம்மா சொல்வார். நானும் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள்தான். அந்த அம்மாக்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த வாரம் அந்தக் கணக்கைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுச் சில புத்தகங்களைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

காரணம் உண்டு. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்து வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய மாயப் புனைவுகளும் சித்திர நாவல்களும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன. பெரிய பரிசுகளையும் வாங்கியிருக்கின்றன. கதை நடக்கும் இடங்கள் பினாங்கு, ஈப்போ, பத்து காஜா, சிங்கப்பூர். நாம் பேருந்தில் போய் இறங்கும் ஊர்கள். அங்கே என்ன பேய் உலவுகிறது என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இந்தப் புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வருவது பாட்டியின் ஆவியாக இருக்கட்டும், மனிதப் புலியாக இருக்கட்டும், தோன்றி மறையும் தீவாக இருக்கட்டும், கதை கடைசியில் வந்து நிற்கும் இடம் நிலம்தான். இந்த இடம் யாருடையது? முன்னால் இங்கே யார் குடியிருந்தார்கள்? அவர்களை எழுப்பியது யார்? தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்விகளை யாரும் விளக்கத் தேவையில்லை.

பினாங்கில் ஒரு கோபக்காரப் பாட்டி

முதலில் ஸென் சோ எழுதிய ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’. 2021இல் வந்தது. ஸென் சோ மலேசியாவில் வளர்ந்தவர், இப்போது இங்கிலாந்தில் வசிக்கிறார்.

நாவலின் நாயகி ஜெஸ், குழந்தையிலேயே பெற்றோருடன் அமெரிக்கா போனவள். பெரிய பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியும் வேலை இல்லை. அப்பாவுக்கு நோய் வந்து வேலையும் போகிறது. கையில் காசில்லாமல் குடும்பம் பினாங்குக்குத் திரும்பி உறவினர் வீட்டில் ஒண்டுகிறது. இதற்கு நடுவில், பெற்றோரிடம் சொல்ல முடியாத ஒரு காதல் அவளுக்கு. காதலியின் பெயர் சரண்யா.

அப்போது ஜெஸ்ஸின் தலைக்குள் ஒரு குரல் பேச ஆரம்பிக்கிறது. அவள் பார்த்துப் பழகாத, இறந்துபோன தாய்வழிப் பாட்டியின் குரல். பாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு பெண் தெய்வத்துக்கு மருளாடியாக இருந்தவர். அந்தத் தெய்வத்தின் சிறு கோயில் இருக்கும் நிலத்தில் ஒரு பணக்கார மேம்பாட்டாளர் கட்டடம் எழுப்பத் திட்டமிடுகிறார். பாட்டி விடுவதாக இல்லை. பழி தீர்க்க ஓர் உடம்பு வேண்டும். பேத்தியின் உடம்பு இருக்கிறது.

இந்த நாவலை நான் ரசித்ததற்கு முதற்காரணம் பாட்டிதான். செத்த பிறகும் வீட்டுப் பெரியவளின் அதிகாரம் குறையவில்லை. பேத்தியின் சாப்பாடு, நடை, திருமணம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார். ஹொக்கியன் வாடை வீசும் அவர் பேச்சு, பாசார் மாலாமில் கேட்கும் பேச்சு மாதிரியே இருக்கிறது. சிரித்துக்கொண்டே படிக்கையில் திடீரென்று பயமும் வருகிறது. ஏனென்றால் அந்தத் தெய்வம் ஒரு காலத்தில் மனுஷியாக இருந்தவள், கொடுமைப்பட்டுச் செத்தவள். அவள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது, எல்லை இல்லை. அநியாயமாக இறந்த பெண்ணை ஊரார் தெய்வமாக்கிக் கும்பிடுவது நமக்குப் புதிதா? நம் பக்கத்துக் கன்னித் தெய்வங்கள் பலவற்றின் கதை இதே கதைதானே.

குறை என்று சொன்னால், மேம்பாட்டாளர் தரப்பின் பேரங்கள் நடுப்பகுதியில் கொஞ்சம் நீள்கின்றன. கடைசிப் பகுதியில் கடுமையான வன்முறை இருக்கிறது. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பிறகு படிக்கலாம்.

பொந்தியானாக்கும் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும்

நாவல் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு இதே எழுத்தாளரின் ‘ஸ்பிரிட்ஸ் அப்ராட்’ சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. 2014இல் நம் நாட்டுப் பதிப்பகமான ஃபிக்ஸி வெளியிட்டது. கதைகள் சேர்க்கப்பட்ட புதிய பதிப்பு 2021இல் அமெரிக்காவில் வந்து, லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் வழங்கும் ரே பிராட்பரி பரிசை வென்றது.

இதில் ஒரு கதை. பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் தன் அத்தை, சித்தி, பாட்டிமாருடன் வசிக்கிறாள். வீட்டில் அத்தனை பேரும் பொந்தியானாக்குகள். மனித ஈரல், குடல் எல்லாம் சமையலறையில் மணக்க மணக்க வேகிறது. ஆனால் பெரியவர்களின் கவலை வேறு. பெண் ஒழுங்காகப் படிக்க வேண்டும், பையன்களோடு சுற்றக் கூடாது, பெரிய படிப்புப் படித்து முன்னுக்கு வர வேண்டும். பேயாகவே இருந்தாலும் மலேசியக் குடும்பம் மலேசியக் குடும்பம்தான்! இந்தக் கதையை நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகம் என்றாலே ஒதுங்குகிற பிள்ளைகூட முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

பேய் கூடவே வெளிநாட்டுக்கும் வருமா என்பது இந்தத் தொகுப்பில் பல கதைகள் கேட்கும் கேள்வி. மேற்படிப்புக்குக் கடல் கடந்து போன பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது வேறு மாதிரியும் படும்.

பத்து காஜாவில் பிணமாகக் கிடந்த அம்பிகா

யாங்ஸி சூ மலேசியாவைச் சேர்ந்தவர். இவருடைய ‘தி கோஸ்ட் பிரைட்’ 2020இல் நெட்ஃபிலிக்ஸ் தொடராக வந்தது, பலர் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது 2019இல் வந்த ‘தி நைட் டைகர்’ பற்றி.

ஆண்டு 1931. பேராக் மாநிலம். ரென் என்ற பதினொரு வயதுப் பையன் ஒரு வெள்ளைக்கார மருத்துவரிடம் வீட்டு வேலை செய்தவன். சாகும்போது அவர் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறார். எப்போதோ வெட்டப்பட்ட தன் விரலைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் கல்லறையில் சேர்க்க வேண்டும். தவணை நாற்பத்தொன்பது நாள். அதற்குள் கிடைக்காவிட்டால் அவர் ஆவி அலையும். இன்னொரு பக்கம் ஈப்போவில் தையல் கற்கும் ஜி லின் என்ற பெண், அம்மாவின் கடனை அடைக்க ரகசியமாக நடனக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் அந்த விரல் அவள் கையில் வந்து சேர்கிறது. நடுவில் தோட்டப்புறங்களில் சிலர் செத்து விழுகிறார்கள். அடித்தது காட்டுப் புலியா, மனித உருவில் நடமாடும் புலியா?

ஈப்போவின் பழைய தெருக்கள், பத்து காஜா மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் கண் முன்னே வந்து நிற்கின்றன. துப்பறியும் கதையின் வேகம், காதல், கனவு எல்லாம் அளவாகச் சேர்ந்திருக்கின்றன. தற்செயல் சந்திப்புகள்தான் கொஞ்சம் அதிகம். பேராக் மாநிலமே ஒரே தெரு போல எல்லாரும் எல்லாரையும் சந்தித்துவிடுகிறார்கள்.

என் அண்ணன் மகள் இதைப் படித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ரப்பர்த் தோட்டத்தில் சடலமாகக் கிடக்கும் பெண்ணின் பெயர் அம்பிகா. தமிழ்ப் பெண், பால்மரம் சீவுகிறவள். “அத்தை, அந்த அம்பிகாவோட கதையை யாரு எழுதியிருக்கா?” என்றாள். நாவலில் அவள் சாவு ஒரு முடிச்சு. அவள் வாழ்ந்த வாழ்க்கை கதையின் ஓரத்தில் நிற்கிறது. இதை எழுத்தாளரின் குற்றமாக நான் சொல்லமாட்டேன். அவர் சொல்ல எடுத்துக்கொண்டது வேறு குடும்பத்தின் கதை. ஆனால் கேள்வி கேள்விதான். அதற்குப் பிறகு வருவோம்.

கடலைத் தூர்த்த தேசம்

சிங்கப்பூரில் பிறந்த ரேச்சல் ஹெங் 2023இல் வெளியிட்ட ‘தி கிரேட் ரெக்லமேஷன்’ பேய் இல்லாத மாயக் கதை. கடலோரக் கம்பம் ஒன்றில் ஆ பூன் என்ற சிறுவன். அவன் கண்ணுக்கு மட்டும் கடலில் சில தீவுகள் தென்படுகின்றன. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அந்தத் தீவுகளைச் சுற்றி மீன் கொட்டிக் கிடக்கிறது. கம்பம் செழிக்கிறது.

பிறகு ஜப்பானியர் வருகிறார்கள், போகிறார்கள். வெள்ளைச் சட்டையில் அரசாங்க ஆட்கள் வருகிறார்கள். கம்பத்தார் வாயில் ‘கவர்ன்மென்ட்’ என்ற சொல் தேய்ந்து ‘கா மென்’ ஆகிவிடுகிறது. கடலைத் தூர்த்து நிலமாக்கப் போகிறோம், உங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் உள்ள அடுக்குமாடி வீடு தருகிறோம் என்கிறார்கள். ஆ பூன் அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்து, தன் ஊராரையே ஒப்புக்கொள்ள வைக்கும் வேலையைச் செய்கிறான்.

இது நடந்த வரலாற்றின் மேல் கட்டிய கதை. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டி நிற்கிறது. கிழக்குக் கரையைத் தூர்க்கும் பெருந்திட்டம் 1966இல் தொடங்கியது. பெடோக் வட்டாரக் குன்றுகளை வெட்டி எடுத்த மண் கடலுக்குள் போனது. இன்று கிழக்குக் கரைப் பூங்காவில் மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் அன்றைய கடலின் மேல் ஓட்டுகிறார்கள்.

நாவலின் சிறப்பு, யாரையும் வில்லன் ஆக்காமல் இருப்பது. குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வார்? மின்சாரம் வேண்டாமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாமா? எல்லாம் வேண்டும். ஆனால் அதற்குக் கொடுத்த விலையின் ரசீது எங்கே என்று இந்தக் கதை கேட்கிறது. பெரிய புத்தகம், நிதானமாக நகர்கிறது. அவசரக்காரர்களுக்குப் பொறுமை வேண்டும்.

சிரம்பானில் பிறந்த ஓவியர், இல்லாத ஓர் ஓவியர்

சித்திர நாவல்களில் ஒன்றை மட்டும் வாங்கப் போகிறீர்கள் என்றால், சோனி லியூவின் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹொக் சாய்’ வாங்குங்கள். சோனி லியூ சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறியவர்.

சார்லி சான் என்பவர் 1938இல் பிறந்த முதுபெரும் காமிக்ஸ் ஓவியர் என்று புத்தகம் நமக்கு அறிமுகப்படுத்துகிறது. அவர் சிறுவயதில் வரைந்தவை, பழுப்பேறிய பழைய பக்கங்கள், எண்ணெய் ஓவியங்கள், நேர்காணல்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆனால் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை! முழுக்க முழுக்க சோனி லியூவின் கற்பனை. ஐம்பதுகளின் ஜப்பானிய பாணி, அமெரிக்க சூப்பர் ஹீரோ பாணி, விலங்குகள் பேசும் கேலிச்சித்திர பாணி என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஏற்றபடி கையெழுத்தை மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார். மலம் அள்ளும் தொழிலாளி ஒருவரைக் கரப்பான்பூச்சி கடிக்க, அவர் கரப்பான் மனிதனாகிப் பறக்கும் கதைகூட உள்ளே இருக்கிறது.

இல்லாத ஓவியரின் படங்கள் வழியே உண்மையான வரலாறு நடக்கிறது. 1955 ஹொக் லீ பேருந்துக் கலவரம், பிரிவினை, சிறை. ஓரிடத்தில் ஓவியர் வேறொரு சிங்கப்பூரைக் கற்பனை செய்கிறார். அங்கே இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங் பிரதமராக இருக்கிறார். நடந்ததைச் சொல்லும் வரலாற்றுப் புத்தகத்தால் இதைச் செய்ய முடியாது. இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது மாயப் புனைவின் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்டதும், நடந்ததும் பல வழிகளில் ஒன்றுதான் என்பது நமக்கு உறைக்கிறது.

2015இல் இந்தப் புத்தகம் வெளிவரும் நேரத்தில் சிங்கப்பூர் தேசியக் கலைகள் மன்றம் பதிப்புக்குக் கொடுத்த 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் பதிப்பு விரைவில் விற்றுத் தீர்ந்தது. மறு ஆண்டே சிங்கப்பூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. சித்திர நாவல் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. 2017இல் காமிக்ஸ் உலகின் ஆஸ்கார் எனப்படும் ஐஸ்னர் விருதுகளில் மூன்றை வென்றது.

வாசிக்க ஒரு யோசனை சொல்கிறேன். முதல் முறை படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். இரண்டாம் முறை எழுத்தைப் படியுங்கள். அரசியல் பெயர்கள் குழப்பினால் பின்னால் குறிப்புகள் இருக்கின்றன.

சித்திர நாவல் என்றதும், நம் லாட்டை விட்டுவிட முடியாது. ‘கம்போங் பாய்’ 1979இல் வந்தது. இப்போதைய புத்தகம் இல்லை, ஆனாலும் இந்தப் புதியவர்களுக்கு முன்னே நடந்தவர் அவர். சிரிக்கச் சிரிக்க வரைந்த அந்தப் பேராக் கம்பத்தின் பின்னணியில் ஈயம் தோண்டும் பெரிய இயந்திரம் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

வன்னியும், நிழல் இல்லாத ஒருவனும்

நிலம் என்றதும் நம்மவர் மனம் போகும் இன்னொரு திசை இலங்கை. அங்கிருந்து இரண்டு புத்தகங்கள்.

‘வன்னி’ 2019இல் வந்த சித்திர நாவல். எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்சே போலக். டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. பிறகு, தப்பிப் பிழைத்து வெளிநாடுகளுக்கு வந்தவர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஒரு கடலோரத் தமிழ்க் குடும்பத்தின் கதையாக இதை உருவாக்கினார். சுனாமியில் தொடங்கி 2009 மே வரை கதை போகிறது. கறுப்பு வெள்ளைப் படங்கள். குடும்பம் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் மூட்டை சிறுத்துக்கொண்டே வருகிறது. இதில் மாயம் எதுவும் கிடையாது. படித்து முடித்ததும் உடனே வேறு புத்தகத்தை எடுக்க என்னால் முடியவில்லை.

வஜ்ர சந்திரசேகர கொழும்பைச் சேர்ந்தவர். அவருடைய ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ 2023இல் வந்து, அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபுலா விருதைப் பெற்றது. பிறந்தவுடனே தாய் தன் மகனின் நிழலைப் பிய்த்து எறிந்துவிடுகிறாள். ஊரே மகான் என்று போற்றும் அவன் தந்தையைக் கொல்வதற்காக அவனை வளர்க்கிறாள். வளர்ந்தவன் அந்த வேலை வேண்டாம் என்று ஒரு பெருநகரத்துக்குப் போய்விடுகிறான். அங்கே திறக்கவே முடியாத, ஒளிரும் கதவுகள். கூடவே அடையாள அட்டைகள், இனப் பிரிவுகள், தடுப்பு முகாம்கள். ஊரின் பெயர் கற்பனைதான். முகாம்கள் எங்கே இருந்து வந்தன என்று இலங்கையை அறிந்தவர்களுக்குத் தெரியும். மதத்தின் பெயரால் நடக்கும் அதிகாரத்தைப் பெரும்பான்மைச் சமூகத்திலிருந்து வந்த ஓர் எழுத்தாளர் இப்படிக் கேள்வி கேட்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் எளிய வாசிப்பு என்று சொல்லமாட்டேன். மாயப் புனைவில் ஏற்கெனவே பழகியவர்கள் எடுக்கலாம்.

நம் முனியாண்டி எங்கே?

அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் 2021இல் ‘சிங்கா-பூரா-பூரா’ என்று ஒரு தொகுப்பு வந்தது. தொகுத்தவர் நஸ்ரி பஹ்ராவி. அந்நாட்டு மலாய் எழுத்தாளர்களின் மாயப் புனைவுகளும் அறிவியல் புனைவுகளும் அதில் இருக்கின்றன. சில மலாயிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. ‘பூரா பூரா’ என்றால் பாசாங்கு என்று நமக்கெல்லாம் தெரியும், தலைப்பிலேயே குறும்பு. மறு ஆண்டு வேய்ன் ரீயும் பெஞ்சமின் சீயும் சேர்ந்து ‘வொர்க்-லைஃப் பேலன்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். நம் வட்டாரப் பேய்களும் பூதங்களும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் என்ன பாடுபடும் என்பதைப் பாதி எழுத்தாகவும் பாதி சித்திரமாகவும் சொல்கிறது. ஹொக்கியன் பாட்டிக்கு நாவல் இருக்கிறது. பொந்தியானாக்குக்கு அலுவலக மேசையே கிடைத்துவிட்டது. தோட்டத்து எல்லையில் சுருட்டும் கள்ளும் வாங்கிக்கொண்டு காவல் நின்ற நம் முனியாண்டி எங்கே?

தமிழில் தோட்ட வாழ்க்கை எழுதப்படாமல் இல்லை. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ முதல், சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ வரை நடப்பியல் நாவல்கள் நமக்கு உண்டு. மாய எழுத்தும் தமிழுக்குப் புதிதில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வந்த இயந்திர நாய் ஜீனோவை மறந்தவர் யார்? ஜெயமோகனின் ‘விசும்பு’ முழுக்க அறிவியல் புனைகதைகள். ‘அரூ’ மின்னிதழ் 2018 முதல் அறிவியல் புனைவுக்கும் கனவுருப் புனைவுக்கும் இடம் கொடுத்து, போட்டியும் நடத்தியிருக்கிறது. சித்திரக் கதைக்கும் மரபு உண்டு. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைத் தலையணைக்கு அடியில் ஒளித்துப் படித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இரண்டு கரையும் இருக்கிறது. நடுவில் பாலம்தான் வரவில்லை. மேலே சொன்ன புத்தகங்களில் நம் தோட்டத்தின் மாயக் கதை எதுவும் இல்லை.

சொல்வதற்கு விஷயம் இல்லையா? பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி கோட்டை இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் கோட்டையில் பேய் நடமாட்டம் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களிடையே கொள்ளைநோய் பரவியபோது, அவர்களுக்காக ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்தக் கோயிலின் மேலே சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பியும் கோட்டுமாக வெள்ளைக்கார முதலாளியும் நிற்கிறார். இதைவிட நல்ல முதல் பக்கம் எந்தச் சித்திர நாவலுக்குக் கிடைக்கும்?

இன்னொன்று. புத்ராஜெயா எழுந்து நிற்கும் மண்ணில் முன்பு பேராங் புசார் தோட்டம் இருந்தது. பேராங் புசார் என்றால் பெரும் போர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் உருவாக்கிய தோட்டம் என்பதால் அந்தப் பெயர். அங்கே மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ஒரு போரின் பெயரைத் தாங்கிய ரப்பர்க் காடு, அதன் மேல் ஒரு தலைநகரம். ரேச்சல் ஹெங் இந்தக் கதையைக் கேட்டால் விடுவாரா?

என் பாட்டி சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். விடியற்காலை நான்கு மணி இருட்டில் வேலைக்காட்டுக்குப் போகும்போது முன்னால் ஒரு வெள்ளைக் குதிரையின் குளம்புச் சத்தம் கேட்கும், அது முனி, பயப்படாமல் பின்னாலேயே போகலாம் என்று சொல்வார். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. குதிரை எங்கே போனது என்று நான் பாட்டியிடம் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. கேட்டிருந்தால் ஒரு பதில் வைத்திருப்பார். இப்படிப் பதில் வைத்திருப்பவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களோடு குதிரையும் போய்விடும்.

ஆகவே, உங்கள் பிள்ளை பேய்ப் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் தாளைப் பிடுங்காதீர்கள். தாத்தாவிடம் போய்க் கேட்டு வரையச் சொல்லுங்கள். பத்துப் பக்கம் போதும், பதிப்பகம்கூட வேண்டாம். நகலெடுத்து ஊசி நூலால் தைத்தாலே புத்தகம்.

யாருக்கு எது?

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு: ‘ஸ்பிரிட்ஸ் அப்ராட்’. இங்கிருந்து தொடங்குவது நல்லது.

குடும்பக் கதையும் பரபரப்பும் விரும்புகிறவர்களுக்கு: ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’, ‘தி நைட் டைகர்’. இரண்டும் பெரியவர்களுக்கான நாவல்கள்.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு: ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹொக் சாய்’, ‘தி கிரேட் ரெக்லமேஷன்’. சித்திரத்தை முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போனால் காலம் பிடிபடும்.

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படிக்கக் கூடியவர்களுக்கு: ‘வன்னி’. பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் பெற்றோர் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு: உலகப் புகழ்பெற்ற ‘பெர்சபோலிஸ்’ சித்திர நாவல் ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ என்ற பெயரில் தமிழில் கிடைக்கிறது. சித்திர நாவல் எப்படிப் பேசும் என்று அறிய அது நல்ல வாசல்.

விலை கூடுதலாகத் தோன்றினால் மாநில நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கும்படி கோரிக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நாலு பேர் எழுதினால் ஐந்தாவது ஆளுக்குப் புத்தகம் கிடைக்கும்.